மூணாவது ரிங்குக்குள்ளே

அந்த மில் முதலாளிக்கு அவருடைய அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நேரில் 'மொதலாளி', முதுகுக்குப் பின்னால் 'மூணாவது ரிங்கு'. மனுஷன் போன் போட்டால் மூன்றாவது மணி அடித்து முடிவதற்குள் எடுத்தாக வேண்டும். எடுக்காதவன் அன்றைக்குத் தொலைந்தான். கக்கூஸில் இருந்தேன், கையெல்லாம் பிசின், மிஷின் ஓடிக்கொண்டிருந்தது என்று எந்தச் சமாதானமும் எடுபடாது. கைக்குக் கிடைத்த மரச்சட்டத்தால் முதுகில் ஒன்று போட்ட பிறகுதான் எதற்குக் கூப்பிட்டார் என்பதையே சொல்வார். அதுவும் என்ன தலைபோகிற விஷயமாக இருக்கும் என்கிறீர்கள்? லாரி வந்துருச்சா, தூறல் போடுதே, தார்ப்பாய் மூடியாச்சா, இவ்வளவுதான். இதற்கு ஒருத்தன் முதுகு வீங்க வேண்டுமா?

மில் என்றால் மரம் அறுக்கிற மில். தகரக் கூரை, தகரச் சுவர், நடுவில் மேலொன்று கீழொன்றாக இரண்டு பெரிய சக்கரங்கள். அவற்றைச் சுற்றிப் பட்டையாக வாள் ஓடும். ஓடுகிற வாளைப் பார்த்தால் சும்மா நிற்பது போலத்தான் இருக்கும், பல்லே கண்ணுக்குத் தெரியாது. வெயில் நாளில் உள்ளே நிற்கிறவன் வெந்து போவான். மரத்தூள் வியர்வையில் ஒட்டிக்கொண்டு கழுத்து, காது, கண் இமை எல்லாம் பிடுங்கி எடுக்கும். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் தூள்தான். அதைப் பொறுக்கிப் பொறுக்கி எடுக்கிறவனைப் பார்த்து, "ஐயா வேலைக்குப் புதுசு" என்று சிரிப்பார்கள்.

பலகை அறுப்பது இரண்டு பேர் வேலை. வாளுக்கு முன்னால் நிற்பவன் பலகையைத் தள்ளுவான். அந்தப் பக்கம் நிற்பவன் இழுப்பான். நடுவில் இரும்புக் கூண்டு மறைக்கும், ஒருத்தன் கை இன்னொருத்தனுக்குத் தெரியாது. வாள் போடுகிற கூச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அவர்கள் பலகையிலேயே தட்டிப் பேசிக்கொள்வார்கள். இழுக்கிறவன் ஒரு தட்டு தட்டினால், தள்ளு. இரண்டு தட்டு தட்டினால், நிறுத்து. எத்தனை நீளப் பலகையானாலும் தட்டியது தள்ளுகிறவனின் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்துவிடும். யோசிக்கவெல்லாம் நேரம் கிடையாது. தட்டு வந்ததும் கை தானாகச் செய்யும்.

தள்ளுகிறவன் தம்பிக்காரன். இழுக்கிறவர் அவனுடைய அக்கா புருஷன், அவனுக்கு மாமா. அக்கா கல்யாணமான கையோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. வீட்டில் மாமாவும் மச்சினனும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். அக்கா கேலி பண்ணுவாள். "ரெண்டு பேரும் நாள் பூரா பலகையில தட்டித் தட்டியே பேசித் தீர்த்துட்டு வந்துடறீங்க. வீட்டுல என்கூடப் பேச ஒரு நாதி இல்ல." அவள் தையல் கம்பெனியில் காலர் தைக்கிறவள். அங்கே சூப்பர்வைசர் அம்மா, தண்ணீர் குடிக்க எழுந்தாலே பெயர் சொல்லிக் கத்துவாள். ஆளாளுக்கு ஒரு எஜமானன், என்ன செய்வது?

வினை ஆரம்பித்தது ஒரு காலை நேரம். மாமா போனைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார். முதலாளி கூப்பிட்டது அவருக்குத் தெரியவில்லை. மிஷினே காலை நடுங்க வைக்கும்போது பாக்கெட்டில் போன் நடுங்குவது எப்படித் தெரியும்? முதலாளி ஆபீசிலிருந்து இறங்கி வந்தார். வரும் வழியிலேயே ஒரு சட்டத்தை எடுத்துக்கொண்டார். மிஷினை நிறுத்தச் சொன்னார். வாள் ஓய்ந்து நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார் என்பதுதான் அதில் கொடுமை.

"எத்தனை தடவைடா அடிச்சேன்?"

"கேக்கலைங்க மொதலாளி. மிஷின் சத்தத்துல..."

"மிஷின் யாரோடது?"

"உங்களோடதுங்க."

"அப்ப என் மிஷின் மேலயே பழி போடறியா?"

சட்டம் மாமாவின் தோளில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு அவர் முகத்தைத் திருப்பினார், அது வாயில் பட்டது. உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்து மரத்தூளில் சொட்டியது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.  தம்பிக்காரன் ஒரு அடி முன்னால் வைத்தான். மாமா கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"பேண்ட்டுல வெச்சா தெரியலைன்னா நெஞ்சுல வைடா" என்று முதலாளி தன் கையாலேயே போனைப் பிடுங்கி மாமாவின் சட்டைப் பாக்கெட்டில் திணித்தார். திணித்துவிட்டு அதன்மேல் சட்டத்தால் ஒரு குத்து குத்தினார். "நெஞ்சு அதிர்ந்தா தெரியும்ல? இனிமே எல்லாவனுக்கும் இதே சட்டம்தான்."

அன்று சாயங்காலமே எல்லார் போனுக்கும் வாட்ஸப்பில் அவர் குரல் வந்து இறங்கியது. "மிஷின் ஓடினாலும் எடுக்கணும், நெஞ்சுல வெச்சுக்கங்க, எடுக்காதவன் கையை ஒடிப்பேன்." மாமாவுக்குத் தனியாக இன்னும் நாலைந்து வந்தன. அதிலிருந்த வார்த்தைகளைக் கேட்ட அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

அதற்கடுத்த வாரம் அது நடந்தது.

நீளமான பலகை. பாதி அறுத்திருந்தது. மாமா இரண்டு தட்டு தட்டினார். தம்பிக்காரன் நிறுத்தினான். வாளுக்குப் பக்கத்தில் மரச்சிம்பு மாட்டியிருந்தது. சின்னச் சிம்புக்கெல்லாம் மிஷினை நிறுத்த மாட்டார்கள். நிறுத்தி மறுபடி ஓட்டினால் அதற்கு வேறு திட்டு. மாமா பலகையின் முனையை நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையை உள்ளே விட்டுச் சிம்பைப் பிடுங்கப் போனார்.

தம்பிக்காரன் உள்ளங்கையில் ஒரு தட்டு வந்தது.

தள்ளினான்.

கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு வந்தது. நிறுத்தினான். அந்த இடைவெளி போதுமாக இருந்தது வாளுக்கு. முதலில் பலகையில் தெறித்ததை அவன் பிசின் என்று நினைத்தான். அப்புறம் கூண்டைச் சுற்றி ஓடிப் பார்த்தபோது மாமா தன் கையைத் தானே வெறித்துக்கொண்டு நின்றார். பெருவிரல் மட்டும் இருந்தது. மற்ற நான்கும் தூளுக்குள் எங்கோ கிடந்தன. அவர் சட்டைப் பாக்கெட்டில் போன் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சண்டாளன் அப்போதும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

விரல்களைப் பொறுக்கித் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மரத்தூளும் பிசினும் ஏறி நைந்து போயிருக்கிறது, ஒட்டாது என்று சொல்லிவிட்டார்கள். தையல் போட்டு, பெரிய கட்டாகக் கட்டி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான அறுப்பு ஆரம்பித்தது.

"ரெண்டு தட்டி நிறுத்தச் சொன்னேன். நிறுத்துனான்" என்றார் மாமா, சுவரைப் பார்த்துக்கொண்டே. "அப்புறம் நான் தட்டவே இல்ல. ஒரு கை உள்ள இருக்கு, ஒரு கை பலகையைத் தாங்கிட்டிருக்கு. எந்தக் கையால தட்டுவேன்? பொறுமை இல்லாத நாய், தள்ளிட்டான்."

"தட்டு வந்துச்சு மாமா. சத்தியமா வந்துச்சு. ஒண்ணு வந்துச்சு, தள்ளுனேன். அப்புறம் இன்னொண்ணு வந்துச்சு, நிறுத்திட்டேன்."

"எவன் தட்டுனான்? பேயா தட்டுச்சு?"

"தெரியலையே மாமா."

மாமா இடது கையால் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து அவன் முகத்தில் எறிந்தார். கிண்ணம் புருவத்தில் பட்டு உடைந்தது. கஞ்சியும் ரத்தமும் ஒன்றாக வழிந்தன. அக்கா ஓடி வந்தாள். தம்பியைத் துடைத்துவிடத்தான் வருகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் கையிலிருந்த கரண்டியாலேயே அவனை அடிக்க ஆரம்பித்தாள். தலையில், தோளில், தடுத்த கையில், எங்கே என்று பார்க்காமல் அடித்தாள்.

"எதையாவது மனசுல நெனச்சிட்டு நின்னிருப்பே! ஒத்துக்கயேன்டா! தெரியாமத் தள்ளிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அவரு கால்ல விழுந்தா என்னடா கொறஞ்சு போயிருவே? என் குடும்பத்தையே அறுத்துப் போட்டுட்டு நிக்கறியேடா, பாவி!"

கரண்டிக் காம்பு வளைந்த பிறகுதான் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

அன்றிலிருந்து மாமா அவனோடு பேசவில்லை. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒத்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் உள்ளங்கை ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி பகல் எந்நேரமும் அந்த ஒரு தட்டு அங்கே உட்கார்ந்திருந்தது. ஒருவேளை மாமா சொல்வதுதான் நிஜமோ, தன் கைதான் பொய் சொல்கிறதோ என்று நினைக்கும்போது உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்ப்பான். சொந்த மாமனின் கையை அறுத்தவன் என்று வாழ்நாள் முழுக்க எப்படி நடமாடுவது?

தொழிலாளர் ஆபீசிலிருந்து அதிகாரி விசாரிக்க வருகிறார் என்று தெரிந்ததும், முதலாளி ஆப்பிளும் ஆரஞ்சுமாகப் பையில் நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த வாசலில் குனிந்து நுழையும்போதே முகத்தை மாற்றிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "சாப்பிடறாரா? தூங்கறாரா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"பாரும்மா தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. ஆபீசர் வந்து யார் தள்ளுனதுன்னு கேப்பான். நான் என்ன சொல்றது? ஊரே பாத்துச்சு, உன் தம்பிதான் தள்ளுனான். கேஸ்னு போனா அவன்தான் உள்ள போவான். எனக்கு அது வேணுமா? எங்க ஆளு ஜெயிலுக்குப் போனா எனக்குத்தானே அசிங்கம்?"

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதனால புகார்னு ஒண்ணும் வேண்டாம். இவருக்குக் கேட்டுல வாட்ச்மேனா உக்காந்துக்கற வேலை போட்டுத் தர்றேன். அப்புறம், இவரு போனு வேற ஒடஞ்சு கெடக்குதாமே? நல்லதா ஒரு ஸ்மார்ட்போன் வாங்கித் தர்றேன். கடைக்கு நானே கூட்டிட்டுப் போறேன், எது பிடிக்குதோ எடுத்துக்கட்டும். பழசை மட்டும் எக்ஸ்சேஞ்சுல குடுத்துருவோம்."

 அவர் போன பிறகு தம்பிக்காரன்தான் கேட்டான். "அந்த ஓட்டைப் போன் எதுக்குக்கா அவனுக்கு?"

"எனக்குத் தெரியாதா?" என்று அக்கா சீறினாள். "அவன் திட்டி அனுப்பினது அத்தனையும் அதுலதான் கெடக்கு. நெஞ்சுல வை, மிஷின் ஓடும்போதும் எடுன்னு அவன் வாயாலயே சொல்லியிருக்கான். கை போன நேரத்துல கூப்பிட்டதும் இருக்கு. ஆபீசர் கேட்டா அவன் மாட்டுவான். ஆனா அவன் மாட்டுனா உன்னையும் இழுத்து விடுவான்டா. இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் நீ. நான் எதைன்னு பாப்பேன்? போனைக் குடுத்துத் தொலைங்க. இருக்கற உயிரோட இருப்போம்."

மாமா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. "சரிடீ. எந்தப் போன் வாங்கட்டும், சொல்லு. பெரிய போனா? ஒத்தைக் கையில நிக்காது. கேமரா நல்லா இருக்கறதா? என் கையைப் படம் எடுத்து மாட்டி வைக்கவா?"

"ஏங்க இப்படிப் பேசறீங்க?"

"பின்ன எப்படிடீ பேசறது? நாலு விரலுக்கு ஒரு போன். அடிச்ச யோகம்தான்!"

மறுநாள் மதியம் முதலாளியின் கார் வந்தது. மாமாவை முன்சீட்டில் உட்கார வைத்தார். தம்பிக்காரனையும் வரச் சொன்னார், அவனும் சம்மதித்த மாதிரி இருக்க வேண்டுமாம். வழியில் முதலாளியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் பேரைப் பார்த்துவிட்டு, "கத்தட்டும்" என்று கவிழ்த்துப் போட்டார். அது எத்தனையோ தரம் அடித்து ஓய்ந்தது. அந்தப் பக்கம் எவன் வயிறு எரிந்து கூப்பிட்டானோ.

போன் கடையில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. பழைய கண்ணாடி மேஜையைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். புதிதாக வந்த கண்ணாடித் தகடுகள், முனை மழுக்காமல், கத்தி மாதிரி விளிம்போடு ஒரு கோடியில் சுவரோரம் செங்குத்தாக நின்றன. தற்காலிகமாக ஒரு நீளப் பலகையை இரண்டு முக்காலிகள்மேல் போட்டு அதில் வியாபாரம் நடந்தது. தம்பிக்காரன் பலகையைப் பார்த்ததும் தன்னையறியாமல் ஒரு முனையில் போய் நின்று, இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டான். மாமா எதிர் முனையில், கண்ணாடித் தகடுகளை ஒட்டி நின்றார். மில்லில் நிற்பது போலவே நின்றார்கள். முதலாளி நடுவில்.

கடைக்காரர் வாய் மூடாத ஆள். பெட்டி பெட்டியாக எடுத்து அடுக்கினார்.

"இது பாருங்க சார், கீழ போட்டாலும் ஒடையாது. இது பாருங்க, ரெண்டு நாளைக்குச் சார்ஜே போட வேண்டாம். இதுல ஃபிங்கர் பிரிண்ட்டு இருக்கு சார். பட்டனே கெடையாது, வலது கை ஆள்காட்டி விரலை இப்படி வெச்சீங்கன்னா..."

மாமா கட்டுப்போட்ட கையை எடுத்துப் பலகைமேல் வைத்தார். கடைக்காரர் வாய் அப்படியே நின்றது.

"அந்தக் கை போனா இந்தக் கை!" என்று முதலாளி ஓஹோவென்று சிரித்தார். "பெருவிரல்தான் இருக்குல்ல? போனுக்குப் பெருவிரல் போதும்யா. நம்ம ஆளுங்களுக்கு மூணாவது ரிங்குக்குள்ள எடுக்கத் தெரிஞ்சா சரி."

 தம்பிக்காரன் மாமா முகத்தைப் பார்த்தான். மாமா பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னதா ஒண்ணு குடுங்க" என்றார். "ஒத்தைக் கையில பிடிக்கற மாதிரி."

"அதெல்லாம் சின்னது வேண்டாம், பெருசே போடுங்க" என்றார் முதலாளி. "பழசை வாங்கி உள்ள இருக்கறதை எல்லாம் சுத்தமாத் தொடச்சிருங்க. என் கண்ணு முன்னாலயே தொடைங்க."

மாமா சட்டைப் பாக்கெட்டிலிருந்து பழைய போனை எடுத்துப் பலகைமேல் வைத்தார். கண்ணாடி விரிசல் விட்டு, அந்த விரிசலுக்குள் ரத்தக் கறை கறுத்துப் போயிருந்தது. கடைக்காரர் அதைத் தொடவே யோசித்தார்.

"வேலை செய்யுதா சார்? ஒரு கால் போட்டுப் பாத்துக்கறேன். செத்த போன்னா எக்ஸ்சேஞ்ச் எடுக்க மாட்டாங்க."

"இருய்யா, நானே போடறேன்." முதலாளி தன் போனை எடுத்து அழுத்தினார்.

பலகைமேல் கிடந்த பழைய போன் நடுங்கியது.

தம்பிக்காரன் உள்ளங்கையில் ஒரு தட்டு வந்தது. அவன் கை தள்ளிவிட்டது. அவன் தள்ளவில்லை, கைதான் தள்ளியது. அந்த நீளப் பலகை முக்காலியில் சறுக்கி மாமாவை நோக்கி ஓடியது. பெட்டிகள் சரிந்து கொட்டின. அந்த முனையில் மாமா வலது கையை வெடுக்கென்று நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு வந்தது. கை நின்றது.

"என்னய்யா பண்றே!" என்று கடைக்காரர் கத்தினார். அது இரண்டு பேர் காதிலும் விழவில்லை. மாமாவின் இடது உள்ளங்கையும் பலகைமேல்தான் இருந்தது. அவருக்கும் அந்தத் தட்டு தெரிந்திருந்தது.

"மாமா" என்றான் தம்பிக்காரன்.  "இதுதான் மாமா. இதேதான் வந்துச்சு. ஒண்ணு. அப்புறம் ஒண்ணு."

மாமா மெதுவாகப் பேசினார். "பலகையை நெஞ்சுல சாச்சிருந்தேன்டா. போனும் நெஞ்சுலதான் இருந்துச்சு. நான் தட்டலை. நீயும் சும்மா தள்ளலை."

"நெஞ்சுல வைன்னு சொன்னது..."

இரண்டு பேரும் முதலாளியைப் பார்த்தார்கள். மில்லில் பிறந்து வளர்ந்தவருக்குத் தட்டு என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் முகம் வெளுத்தது. "அதைக் குடு இப்படி" என்று பழைய போன்மேல் பாய்ந்தார். மாமா முந்திக்கொண்டு இடது கையில் எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"குடுடா!"

"மாட்டேங்க."

முதலாளி அவருடைய வலது கையைப் பிடித்தார். கட்டுப்போட்ட கையை, கட்டோடு சேர்த்துப் பிழிந்தார். துணி பிழிவது போல முறுக்கினார். தையல் விட்டுப்போய்க் கட்டு சிவந்தது. மாமா அலறிய அலறலில் தெருவில் போனவர்கள் நின்றார்கள். அன்று மில்லில் கை போனபோதுகூட அவர் அப்படி அலறவில்லை.

தம்பிக்காரன் அந்த முனையிலிருந்து எப்படி வந்தான் என்று கடைக்காரரால் பின்னால் சொல்ல முடியவில்லை. வந்த வேகத்தில் முதலாளியின் மூக்கில் குத்தினான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவர் ஒரு முக்காலியில் இடித்துக்கொண்டு பலகைமேல் மல்லாந்தார். எழுந்து, ஒரு பெட்டியை எடுத்து அவன் வாயில் அடித்தார். அவன் பல்லைத் துப்பிவிட்டு மறுபடி குத்தினான். விலக்க வந்த கடைக்காரரை ஒரே தள்ளில் மூலைக்கு அனுப்பினான். நாளெல்லாம் மரம் தள்ளுகிற கைகள். முதலாளிக்கு உடம்பு இருந்தது, பலம் இல்லை. பலமெல்லாம் மற்றவர்கள் பயத்தில்தான் இருந்தது.

முதலாளியைக் குப்புறத் திருப்பிப் பலகையில் அழுத்தினான். ஒரு கை பிடரியில், ஒரு கை இடுப்பில், முழங்கை பலகையில் ஊன்றியபடி. பலகை தள்ளுகிற அதே பிடி. எதிரே அந்தக் கோடியில் கண்ணாடித் தகடுகள் விளிம்பு மின்ன நின்றன.

"விடுறா! டேய், விடுறா! கொலைகாரா!"

"நான் இல்லடா கொலைகாரன். என் கையால என் மாமன் கையை அறுக்க வெச்சியேடா! என் அக்கா கையால அடி வாங்க வெச்சியேடா! சொல்றா! நெஞ்சுல வைக்கச் சொன்னது யாருடா?"

தள்ளினான். முதலாளியின் முகம் பலகையில் ரத்தத்தைத் தேய்த்துக்கொண்டே கண்ணாடியை நோக்கிப் போனது. அவருடைய கைகள் பலகையின் ஓரங்களைப் பிறாண்டின. இன்னும் இரண்டு தள்ளு தள்ளினால் கழுத்து விளிம்புக்குப் போய்விடும். தம்பிக்காரனுக்கு அது நன்றாகத் தெரிந்துதான் இருந்தது. போகட்டும் என்றுதான் தள்ளினான்.

அந்த முனையில் மாமா நின்றார். கட்டிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் காதில் ஏறியிருக்காது. சும்மா இருந்திருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்கவும் முடியாது. அவர் போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, இடது கையைப் பலகைமேல் கொண்டுவந்தார்.

இரண்டு தட்டு தட்டினார்.

தம்பிக்காரனின் கை நின்றது.

கண்ணாடி விளிம்புக்கும் முதலாளியின் நெற்றிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. தம்பிக்காரன் தன் கைகளையே பார்த்தான். மேலே தள்ளச் சொல்லி மனசு கத்தியது, கை கேட்கவில்லை. பிடியை விட்டான். முதலாளி பலகையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு குழந்தை மாதிரி ஊளையிட்டார்.

கடைக்காரர் மூலையிலிருந்தே போலீசுக்குப் போன் போட்டார். அவர்கள் எடுக்க ரொம்ப நேரமாயிற்று.

கடை வாசலில் மரப் பெஞ்சு ஒன்று கிடந்தது. மாமாவும் மச்சினனும் அதில் போய் உட்கார்ந்தார்கள். ஓடியெல்லாம் போகவில்லை. தம்பிக்காரன் தன் சட்டையைக் கழற்றிக் கிழித்து மாமாவின் கட்டின்மேல் சுற்றினான். 

"வலிக்குதா மாமா?"

"பின்ன வலிக்காமயா? மெதுவாச் சுத்துடா மாப்ளே." அத்தனை நாளைக்குப் பிறகு அவர் அவனை அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "கிண்ணத்தை வீசிட்டேன்டா உன்மேல" என்றார்.

"அது கெடக்கு மாமா. அக்கா கரண்டிதான் ஜாஸ்தி."

மாமா சிரிக்கப் பார்த்தார், வலியில் முகம் கோணியது. தம்பிக்காரன் முடிச்சைப் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"மாமா, உள்ள ரெண்டு தட்டு வந்துச்சே. அது நீங்கதானே?"

"நான்தான்டா. ஏன்?"

"இல்ல, கேட்டுக்கிட்டேன். இனிமே கேட்டுக்கணும்ல."

 மாமா கண்ணிலிருந்து நீர் இறங்கி மீசையில் நின்றது. அதைத் துடைக்க வலது கையைத் தூக்கினார், அப்புறம் நினைவு வந்து இடது கையால் துடைத்துக்கொண்டார்.

அவருடைய சட்டைக்குள் பழைய போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தார். அக்கா. புதுப் போன் வாங்கியாச்சா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பாள். மாமா எடுத்துக் காதில் வைத்து, "ஒண்ணும் வாங்கலைடீ. பழசே இருக்கட்டும்" என்றார். "உன் தம்பிமேல தப்பு இல்ல. ஆமா. தப்பு இல்லங்கறேன். வந்து சொல்றேன்." அந்தப் பக்கத்தில் அவள் ஏதோ கேட்டாள். பிறகு கேட்டது அழுகைதான். மாமா போனைத் தம்பிக்காரன் காதில் வைத்துப் பிடித்தார். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

போலீஸ் வண்டி வந்து நின்றது. உள்ளே போய் முதலாளியைப் பார்த்துவிட்டு வந்த போலீஸ்காரர், "எவன்டா அவர் மூஞ்சியை இப்படிப் பண்ணது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றான் தம்பிக்காரன்.

"நானும் வர்றேன் சார்" என்றார் மாமா. "எங்கிட்ட ஒரு போன் இருக்கு. அதையும் நீங்க கேக்கணும்."

"ஏறுங்க முதல்ல. எல்லாம் அங்க வந்து பேசிக்கலாம்."

தம்பிக்காரன் எழுந்திருக்கப் பார்த்தான்.  வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. திறந்திருந்த வண்டிக் கதவைப் பார்த்ததும் முதன்முதலாக அவனுக்குப் பயம் வந்தது. உள்ளங்கை இரண்டும் பெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டன.

மாமா பக்கத்தில் உட்கார்ந்தபடியே இடது கையால் பெஞ்சுப் பலகையில் ஒரு தட்டு தட்டினார்.

தம்பிக்காரன் எழுந்து போய் வண்டியில் ஏறினான்.